நண்பன் கல்யாணத்துக்கு என்ன ரேட்?

கல்யாண போட்டோகிராபர் விற்பது முகூர்த்த நாளை. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியைப் பல குடும்பங்கள் தொடுவதில்லை. மிஞ்சிய மாதங்களில் நல்ல முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் சென்னை மண்டபங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். அன்றைக்கு அவர் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். வைகாசியில் விட்ட முகூர்த்தத்தை ஆனியில் பிடிக்க முடியாது. அதனால் நண்பன் ஒருவன் மஞ்சள் தடவிய பத்திரிகையோடு வந்து, "நீதான்டா எடுக்கணும்" என்று சொல்லும்போது, அவர் முதலில் பார்ப்பது தேதியை. அந்தத் தேதிக்கு வேறு வீட்டில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. வாங்கவில்லை என்றால், இனி வாங்க முடியாமல் போகும் தொகை எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. நட்பைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும்.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலின் மாட வீதிகளுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவே வளர்ந்தவர் இங்கே பேசப்படும் போட்டோகிராபர். இந்தப் பேட்டையில் நட்பு ஒரு சாதிக்குள், ஒரு மதத்துக்குள் நின்றுவிடுவதில்லை. பள்ளியில் கூடப் படித்தவர்களில் கோயிலைச் சுற்றியிருந்த அய்யங்கார் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. 1795இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. பிறகு மேன்ஷன்காரர்கள். வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் வந்து, ஓர் அறையில் மூன்று கட்டில் போட்டுக்கொண்டு இருந்தவர்கள், மாலையில் அவர் வேலை பார்த்த ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்த பழக்கம் நட்பாகும். சில வருடம் கழித்து ஊரிலிருந்து பத்திரிகை வரும். அந்தப் பத்திரிகைகள் அவரைத் தமிழ்நாட்டின் பல மூலைகளுக்கும் கொண்டு போயின.

ஃபிலிம் சுருள் காலத்தில் நண்பனிடம் என்ன வாங்குவது என்ற கணக்கு எளிதாகத்தான் இருந்தது. அவர் தொழில் கற்ற யாஷிகாவில் 120 சுருள் போட்டால் 12 சதுரப் படம். 35 மி.மீ. கேமராவில் 36. உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைச் சுருளையும், பிறகு வெளிநாட்டுக் கலர் சுருள்களையும் கடையில் எண்ணித்தான் வாங்குவார்கள். நண்பன் வீட்டுக் கல்யாணம் என்றால் சுருளை வீட்டாரே வாங்கித் தருவார்கள். லேபில் கழுவி பிரிண்ட் போடும் செலவும் அவர்களுடையது. அவர் தன் கேமராவையும் கண்ணையும் கொண்டு போவார். பத்து சுருள் என்றால் 360 படம், அவ்வளவுதான். உறவினர் ஒருவர் நான்காவது தடவையாக மேடையேறினால், "மாமா, இன்னும் தாலி கட்டலை, ரோல் மிச்சம் வைக்கணும்" என்று சொல்ல ஒரு நியாயம் இருந்தது. யார் எதைச் செலவு செய்தார், யார் எதைச் சும்மா கொடுத்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

டிஜிட்டல் வந்ததும் அந்தக் கோடு அழிந்தது. "உனக்கு என்னப்பா, ரோலா செலவாகுது? தட்டிக்கிட்டே போகலாமே" என்று கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. இந்தப் பேச்சுக்குக் கோபப்படுவதைவிடக் கணக்கைப் போட்டுக் காட்டுவது மேல் என்று அவர் நினைக்கிறார். அவர் நெடுங்காலம் வைத்திருந்த கேனன் 5டி மார்க் 3 கேமராவின் ஷட்டர் 1,50,000 தடவை இயங்கும் என்று சோதித்து விற்கப்பட்டது. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்த ஒரு கல்யாணத்தில் 3,000 தடவை அழுத்தினால், 50 கல்யாணத்தில் அந்தக் கணக்கு முடிந்தது. சில கேமராக்கள் அதற்கு மேலும் ஓடும், சில முன்னாலேயே நிற்கும். புது ஷட்டருக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியது போட்டோகிராபர். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் 25 முதல் 30 எம்பி வரை வரும். 3,000 படத்துக்குக் கிட்டத்தட்ட 90 ஜிபி. அதை இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து கண் மூடியவை, புகையில் மங்கியவை, பாதித் தலை வெட்டுப்பட்டவை எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்துக்கு நிறம் சரிசெய்ய வேண்டும். சுருள் போனதால் செலவு போகவில்லை. கடையில் எண்ணி வாங்கிய செலவு, ராத்திரி கண் விழிக்கும் செலவாக மாறியது.

அவருக்கு இந்த விஷயத்தில் தெளிவு கொடுத்தது பேராவூரணிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. மேன்ஷன் நண்பனுடையது. அந்த ஊர், கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் மொய் என்பது பெரிய ஏற்பாடு. கல்யாணத்தில் எழுதுவது போக, ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக ஆட்டுக்கறி சமைத்துப் போட்டு, பல பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்துவார்கள். முன்பு செய்தவர்களுக்கு எல்லாம் அன்று திரும்பி வரும். மண்டப வாசலில் மேசை போட்டு, ஒருவர் பணத்தை வாங்கி ஊர்ப் பெயரோடு உரக்கச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதுவதை அவர் அங்கே முதல் தடவையாகப் பார்த்தார். சென்னைக் கல்யாணங்களில் கவரை நீட்டிவிட்டு நகர்வதே பழக்கமாக இருந்தவருக்கு, தொகையைச் சபை கேட்கச் சொல்வது கொஞ்சம் உறுத்தியது. நண்பனின் தாய்மாமனிடம் கேட்டார்.

"எழுதலேன்னா வாங்குனவனுக்குத்தான் சங்கடம் தம்பி. நாளைக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும்னு தெரியாமத் தவிப்பான்."

பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரையில், கொடுப்பது, ஏற்றுக்கொள்வது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தே மனிதர்களைக் கட்டுகின்றன என்று விளக்கியிருக்கிறார். பேராவூரணித் தாய்மாமன் சொன்னது அதற்குள் ஒரு நுட்பமான இடம். தொகை தெரியாத கொடை, பெற்றவரின் மனசில் வளர்ந்துகொண்டே போகும். போட்டோகிராபர் அதற்கு முன் சும்மா எடுத்துக் கொடுத்த சில கல்யாணங்களில் இதுதான் நடந்திருந்தது. நண்பர்கள் நன்றி மறந்தவர்கள் அல்ல. எவ்வளவு நன்றி என்று தெரியாமல் திண்டாடினார்கள். ஒருவர் பட்டு வேட்டி கொடுத்தார். இன்னொருவர் தெருவில் பார்த்தால் மறுபக்கம் போக ஆரம்பித்தார், ஆல்பத்துக்குப் பணம் கேட்டுவிடுவாரோ என்று.

ஊர் திரும்பியதும் அவர் ஒரு முறையை வைத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் முழு ரேட்டில் பில் எழுதுவது. அதில் மற்றவர்கள் கைக்குப் போகும் பணம் ஒரு பக்கம், தன் கூலி இன்னொரு பக்கம். நெருங்கிய நண்பன் என்றால் தன் கூலியை முழுத் தொகையோடு எழுதி, அதன் பக்கத்திலேயே 'மொய்' என்று குறித்துக் கழிப்பது. பாதி நண்பன், கால் நண்பன் என்றெல்லாம் பார்த்து 20 சதவீதம், 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பதை அவர் அடியோடு விட்டார். அந்தத் தள்ளுபடியில் இரண்டு பக்கத்துக்கும் குறைதான்: வாங்கியவர் இன்னும் குறைத்திருக்கலாம் என்பார், கொடுத்தவர் இவ்வளவு குறைத்தும் மதிப்பில்லையே என்பார்.

அந்த முறைக்கு வந்த முதல் சோதனை, பள்ளித் தோழன் ஒருவனின் கல்யாணம். துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு. தோழன் சொன்னான்: "நீ எங்காத்து மனுஷனா வந்து உக்காந்துக்கோடா. போட்டோவையும் நீயே பாத்துக்கோ." இரண்டும் ஒன்றாக நடக்காது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. அவனுடைய அப்பா இன்னும் நேராகக் கேட்டார்.

"ஏம்ப்பா, நீ என்ன வாங்கிக்கறே? கூச்சப்படாமச் சொல்லு."

"ரெண்டு நாள் டைம் கொடுங்க மாமா. எழுதியே கொண்டு வர்றேன்."

எழுதிய காகிதத்தை ரத்னா கஃபேயில் தோழனிடம் கொடுத்தார். 1948இலிருந்து சாம்பார் இட்லிக்குப் பெயர் பெற்ற அந்தக் கடையில் திருவல்லிக்கேணியின் எத்தனையோ கொடுக்கல் வாங்கல்கள் பேசி முடிந்திருக்கின்றன. காகிதத்தில் இருந்தது இது: இரண்டாவது போட்டோகிராபருக்கு 12,000 ரூபாய். வீடியோகிராபருக்கு இரண்டு வேளைக்கு 20,000. லைட் பாய்க்கு 3,000. இரண்டு ஆல்பத்துக்கு 28,000. வீடியோ எடிட்டருக்கு 15,000. ஆட்டோ, டெம்போ 2,000. ஆக 80,000. இது வெளியே போகும் பணம். ஒரு ரூபாய் அவர் கையில் நிற்காது. அதற்குக் கீழே அவருடைய கூலி 50,000 ரூபாய், பக்கத்தில் 'மொய்'. தோழன் இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த அம்பதாயிரத்தை ஏன் எழுதினே? ஃப்ரீன்னு போட்டிருக்கலாமே" என்று கேட்டான். "ஃப்ரீன்னா உங்க சித்தப்பா என்னை மூணு மணிக்கு மறுபடி வரச் சொல்வார்" என்றார் அவர். சொன்னது சிரிக்கவைக்க அல்ல. விலை போட்ட நேரத்தைத்தான் மற்றவர்கள் நேரமாக மதிக்கிறார்கள்.

இரண்டாவது போட்டோகிராபர் எதற்கு என்றும் வீட்டில் கேள்வி வந்தது. நண்பன் கல்யாணத்தில்தான் இரண்டாமவர் மிக அவசியம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அய்யங்கார் கல்யாணத்தில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம், மாங்கல்ய தாரணம், சப்தபதி, அம்மி மிதித்தல் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். ஊஞ்சலில் பச்சைப்பிடி சுற்றும் பெண்களின் முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே அடுத்த சடங்கு ஆரம்பித்துவிடும். வெளி போட்டோகிராபர் என்றால் யாரும் அவரை இழுக்கமாட்டார்கள். வீட்டுக்குத் தெரிந்தவர் என்றால், "டேய், அத்திம்பேர் கிளம்பறார், ஒரு குரூப் போட்டோ" என்று தோளைத் தொட்டு அழைப்பார்கள். மறுத்தால் மனஸ்தாபம். போனால் தாலி கட்டும் நேரம் தவறும். ஆகவே மேடைப் படங்களுக்கு ஒருவர் நிற்க வேண்டும், சடங்கைப் பிடிக்க இன்னொருவர்.

முகூர்த்த நேரத்துக்கு அவர் செய்யும் ஏற்பாடு தனி. முதல் நாளே வாத்தியாரைப் பார்த்து வணங்கி, மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார், ஹோமகுண்டம் எங்கே வரும், பெண் அப்பா மடியில் உட்காரும்போது எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்வார். மின்விசிறிக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் புகை வரும். அங்கே நின்றால் படம் முழுக்க வெள்ளைத் திரை. கெட்டிமேளம் கொட்டியதும் சபையே எழுந்து அட்சதையோடு கை தூக்கும், இப்போது அதோடு செல்போனும் உயர்கிறது. அந்தச் சில விநாடிகளுக்கு இடம் பிடித்துவைப்பதே அவர் வாங்கும் கூலியில் பெரும் பகுதி. தோழன் கல்யாணத்தில் அவர் நாற்காலியில் உட்காரவில்லை, முதல் பந்தியில் சாப்பிடவில்லை, பள்ளித் தோழர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் அவர் இல்லை. இதில் அவருக்கு வருத்தம் கிடையாது. ஆனால் உயிர் நண்பன் கல்யாணத்தில் பக்கத்தில் நிற்க ஆசைப்படும் இளைய போட்டோகிராபர்களிடம், அன்றைக்குக் கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பட்டு வேட்டியோடு போகச் சொல்கிறார். அதற்கான பில்லை நீங்கள் கட்டினால் அதுவே பெரிய மொய் என்பார்.

மசூதிப் பக்கத்து நண்பனின் நிக்காஹ் வேறொரு கணக்கைக் கொண்டுவந்தது. நிக்காஹ் சடங்கு சில நிமிடங்களில் முடியும். ஆனால் ஆண்கள் ஒரு கூடத்தில், பெண்கள் இன்னொரு கூடத்தில். மணமகளிடம் சம்மதம் கேட்கும் இடத்துக்கு அவர் போக முடியாது. பெண்கள் பக்கத்துக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும். அவருக்கு உதவியாளரும் பெண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை யாரென்றே தெரியாது. அவருக்கு முழு ரேட் கொடுத்தே ஆக வேண்டும், நட்பை அவர் தலையில் ஏற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் இதை ஒரு வார்த்தையில் ஒப்புக்கொண்டார்கள். மஹர் எவ்வளவு என்பதைச் சாட்சிகள் முன் சொல்லிப் பதிவேட்டில் எழுதும் சபை அது. நல்ல காரியத்தின் நடுவே தொகையை வெளிப்படையாகப் பேசுவதில் அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

பணம் வாங்குவதா வேண்டாமா என்பதில் சட்டமும் தலையிடுகிறது. இது தொழிலில் இருக்கும் பலருக்கே தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் கைம்மாறும் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்தின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. கைம்மாறு எதுவும் இல்லாமல் எடுத்தால் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். 2012 திருத்தத்துக்கு முன் புகைப்படத்துக்கான உரிமை வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு. இப்போது எடுத்தவரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டும். ஆக, இனாமாக எடுத்த நண்பனின் கல்யாணப் படங்கள் சட்டப்படி போட்டோகிராபருடையவை. பணம் வாங்கினால் வீட்டாருடையவை. நடைமுறையில் எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். சும்மா எடுத்தவர் 'நண்பன் படம்தானே' என்று விளம்பரத்துக்குப் போடத் தயங்குகிறார். கூலி வாங்கியவர் 'நான் எடுத்தது' என்று கேட்காமலே போடுகிறார். திருவல்லிக்கேணி போட்டோகிராபர் தன் காகிதத்தின் கடைசியில் இரண்டு வரி சேர்த்துக்கொண்டார்: படங்களின் உரிமை மணமக்களுக்கு, தன் வேலையைக் காட்டப் பத்துப் படம் வரை அவர்கள் தேர்ந்து கொடுப்பதை மட்டும் தான் வைத்துக்கொள்வது. மணப்பெண்ணின் சம்மதம் தனியாக வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். நண்பன் மாப்பிள்ளையாக இருக்கலாம், படத்தில் இருப்பது அவளும்தானே.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக: ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு போட்டோகிராபர் பதிவு செய்யத் தேவையில்லை. தாண்டினால் 18 சதவீதம் பில்லில் ஏறும். ஏறுவதை நண்பனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எழுதி வைத்ததன் பயன் 2020 மார்ச்சில் தெரிந்தது. நாடு முழுக்க ஊரடங்கு வந்து, பங்குனியின் மிச்சமும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் கைவிட்டுப் போயின. நண்பர் வீட்டு அட்வான்ஸ், பிறர் வீட்டு அட்வான்ஸ் இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே விதி இருந்ததால் பேச்சு வளரவில்லை. தேதி தள்ளிப்போனால் அதே தொகை செல்லும், கல்யாணத்தை வீட்டோடு முடித்துக்கொண்டால் செலவானது போக மிச்சம் திரும்பும். 2021இல் தமிழகத்தில் கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்தபோது, அந்த 50இல் போட்டோ ஆட்களையும் சேர்த்து எண்ணினார்கள் வீட்டார். ஆறு பேர் போன இடத்துக்கு இரண்டு பேராகப் போனார். ஒரு உறவினரின் இடத்தைத் தன் உதவியாளர் எடுத்துக்கொள்கிறார் என்பது அவருக்கு உறைத்தது; அந்தக் கல்யாணங்களில் அவர் வேகமாக எடுத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

நண்பர் வீட்டு வேலையில் எப்போதும் இழுத்தடிப்பது செலக்ஷன். ஆல்பத்துக்கு எந்தப் படங்கள் என்று வீட்டார் தேர்ந்து தர வேண்டும். காசு கொடுத்த வாடிக்கையாளர் நச்சரித்து வாங்கிப் போவார். நண்பனோ, "அவசரம் என்னடா, நீ எங்கே ஓடிடப் போறே" என்பான். முதல் குழந்தையின் ஆயுஷ்ஹோமத்துக்குப் பத்திரிகை வந்த பிறகும் கல்யாண ஆல்பம் வராமல் கிடந்த வீடுகள் உண்டு. அதற்குள் காகித விலை ஏறியிருக்கும். ஆல்பம் பணத்தை முதலிலேயே லேபில் கட்டி, ரசீதை நண்பனின் மனைவி கையில் கொடுப்பது அவர் கண்டுபிடித்த வழி. மாமியார், நாத்தனார், அம்மா என்று எல்லாரையும் உட்காரவைத்து ஒரே மாலையில் தேர்வை அவளே முடித்துவிடுவாள்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் இன்னொரு விதமான நண்பர்கள் வந்தார்கள். திருவல்லிக்கேணியில் பிறந்து, சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் குடிபோனவர்கள். கீழ்த்தள வீடுகளில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தன. கம்ப்யூட்டரும் தண்ணீரில். "உங்கிட்ட ஏதாவது இருக்குமா?" என்று கேட்கும்போது அவர்களுக்குக் குரல் எழவில்லை. இதற்கு எந்தக் காகிதத்திலும் ரேட் எழுதியிருக்கவில்லை. பழைய நெகட்டிவ் கவர்களையும் ஹார்டு டிஸ்க்குகளையும் இறக்கித் தேடினார். கிடைத்தவற்றுக்கு லேபின் பிரிண்ட் செலவு மட்டும் வாங்கினார், தேடிய நேரத்துக்கு ஒன்றும் வாங்கவில்லை. நண்பர், வாடிக்கையாளர் என்ற பாகுபாடு அந்த மாதம் அவர் பார்க்கவில்லை. எல்லாம் கிடைக்கவும் இல்லை; பல கல்யாணங்களின் ஃபைல்களை வைத்திருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை, இடத்துக்காக அழித்தவை நிறைய.

அதிலிருந்து அவருடைய பில்லில் ஒரு வரி கூடியிருக்கிறது. இரண்டு ஹார்டு டிஸ்க்: ஒன்று கல்யாண வீட்டில், மற்றொன்று வேறு பேட்டையில், மாடியில் குடியிருக்கும் உறவினர் வீட்டில். அந்த வரிக்கான பணத்தை அவர் நண்பர்களிடமும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்.